உன் அவசரம் இருக்கே!

எங்கள் வீட்டில் என்னைத் திட்டுவதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "உன் அவசரம் இருக்கே!" உம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் இதே வாக்கியம், பரீட்சையில் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தாலும் இதே வாக்கியம். கல்யாணம் ஆனதும் அதை யூசுப்பிடம் ஒப்படைத்துவிட்டு அவள் ஓய்வெடுத்துக்கொண்டாள். கடையநல்லூரிலிருந்து ஹைதராபாத் வரை அது என்னோடு பத்திரமாக வந்து சேர்ந்தது.

பொய்க் குற்றச்சாட்டு என்று சொல்லமாட்டேன். கச்சிபௌலியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வேறு ஒரு கம்பெனியின் ஷட்டில் பஸ்ஸில் ஏறி, அவர்கள் கேட் வரை போய், உள்ளே விடாத செக்யூரிட்டியிடம் சண்டையும் போட்டவள் நான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. என் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் வேறு ஆள் வேண்டியிருக்கிறது.

பெயர் சபீனா என்றதும் இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் உருதுவில் ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு உருது தெரியாது. எங்கள் ஊரில் தொழுகைக்குப் போகிறவர்களும் சண்டைக்குப் போகிறவர்களும் தமிழில்தான் போகிறார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள், நான் ஏதோ கோபத்தில் பேச மறுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மெதுவாக உருதுவிலேயே விளக்குவார்கள். அந்த எரிச்சலில்தான் தெலுங்கைப் பிடித்துக்கொண்டேன். தெலுங்கு பாதி தமிழ்தானே, மீதிப் பாதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. காய்கறிக் கடையில் அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்தது.

சைக்கிள் கதைக்கு வருகிறேன். ஆபீஸுக்குச் சைக்கிளில் போகலாம் என்று ஆசைப்பட்டு வாங்கி, போன முதல் மாதத்திலேயே ஒரு கேப் டிரைவர் பார்க்காமல் கதவைத் திறந்து என்னைத் தார் ரோட்டில் படுக்கப் போட்டார். முழங்கையில் தையல். "இனிமே ரோட்டுல சைக்கிள் கிடையாது" என்று யூசுப் முடித்துவிட்டார். மருந்து கம்பெனியில் மாத்திரைகளின் தரம் பார்க்கிறவர். எதையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்டவர் யோசிக்காமல் சொன்னதால் நானும் எதிர்த்துப் பேசவில்லை. சைக்கிள் பால்கனியில் நின்றது.

அவருடைய அறையில் வேறொரு சாமான் நின்றுகொண்டிருந்தது. தொப்பையைக் குறைக்கப் போகிறேன் என்று எப்போதோ வாங்கிய ட்ரெய்னர். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் மாட்டினால், நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். மிதிக்கிற பலத்தை அது டிவிக்குச் சொல்லும். டிவியில் நம்மைப் போல ஒரு பொம்மை சைக்கிள் ஓட்டும். திரையில் மலை ஏறினால் இங்கே பெடல் கனக்கும், இறக்கத்தில் லேசாகும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களும் அவரவர் வீட்டிலிருந்து அதே பாதையில் நம்மோடு ஓட்டுவார்கள். இவ்வளவு சாமர்த்தியமான சாமானில் யூசுப் தன் பேண்ட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேண்ட்டுகளை எல்லாம் கட்டிலில் வீசிவிட்டு என் சைக்கிளை அதில் மாட்டினேன். ஆப் என் எடையைக் கேட்டது. கல்யாணத்துக்கு முந்திய எடையைப் போட்டேன். அன்றைக்கு மலையில் நான் ஏறிய ஏற்றம் இருக்கிறதே, ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். யூசுப் வந்து எட்டிப் பார்த்து, "ஏளா, எடையைச் சரியா போட்டியா?" என்று கேட்டார். அவரிடம் என்னத்தை மறைப்பது. சரியான எடையைப் போட்டதும் அதே மலை கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டது.

மறுநாளே பந்தயத்தில் சேர்ந்தேன். பயிற்சி, ஒத்திகை எல்லாம் எனக்கு எதற்கு? கடல் ஓரமாக ஒரு கோடு போட்டிருந்தார்கள், அதன் பின்னால் நூறு பொம்மைகள் நின்றன. திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. நான் காலை அசைக்காமல் மரியாதையாகக் காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமையாக இருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் எண் முடிவதற்கு முன்பே வீட்டில் வெறிபிடித்த மாதிரி மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பூஜ்யம் வந்ததும் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். நான் கடைசி. எனக்கு முன்னால் வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் வயது எழுபதுக்கு மேல் என்று போட்டிருந்தது.

அடுத்த நாள் லிஃப்டில் ஒரு பெண் என் தோள்பையில் தொங்கிய அடையாள அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சி பிளாக்கில் இருப்பவள், பெயர் பூர்ணா. "நேத்து ரேஸ்ல கடைசியா வந்த சபீனா நீங்கதானா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "கடைசி வரைக்கும் விடாம ஓட்டினீங்க, பார்த்தேன். எங்க லேடீஸ் டீம்ல ஒரு ஆள் குறையுது" என்றாள். பிறகு, "தெலுகு தெலுசா?" என்றாள்.

"தெலுசு, தெலுசு" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளால் வந்தது அத்தனையும். அன்றிலிருந்து பூர்ணா என்னிடம் தெலுங்கைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நானும் தலையாட்டுவதை நிறுத்தவில்லை.

டீமில் நாங்கள் ஐந்து பேர். பூர்ணா கேப்டன். அவளுடைய ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள், இரண்டு பேருக்குமே அனுஷா என்று பெயர். உயரத்தை வைத்துப் பெரிய அனுஷா, சின்ன அனுஷா. நான்காவது, போலாரத்திலிருந்து நீலா. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழில்தான் பேசுவார், ஆனால் அது போலாரத்துத் தமிழ். "ஹவ் மா, நல்லா ஓட்றே. ஆனா ஹேண்டிலைப் புடிச்சிக்கிட்டு தொங்க நக்கோ" என்பார். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். அது மட்டும் எனக்கு முதல் வாரத்திலேயே பழகிவிட்டது.

ஓட்டும்போது ஐந்து பேரும் போனில் ஒரே அழைப்பில் இருப்போம். காதில் மற்றவர்கள் மூச்சு வாங்குவது கேட்கும். இந்தப் பந்தயத்தின் விதி வேறு. ஐந்து பேரும் ஒரே வரிசையில் போகவேண்டும். முன்னால் இருப்பவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்குப் பெடல் லேசாக இருக்கும்; முறை வைத்து மாற்றிக்கொள்ளவேண்டும். நான்காவதாக வருகிறவர் கோட்டைத் தாண்டும் நேரம்தான் டீமின் நேரம். அதனால் யார் ஒருத்தி முன்னால் பறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

பூர்ணா முதலில் சொன்ன அறிவுரை: "ஃபேன் சால அவசரம்." சால என்றால் ரொம்ப என்று எனக்குத் தெரியும். ரொம்ப அவசரமாம். போட்டது போட்டபடி யூசுப்பைக் கிளப்பிக் கடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஃபேனுக்கு என்னளா இவ்வளவு அவசரம்? நாளைக்கு வாங்கக்கூடாதா?"

"எனக்கென்ன தெரியும் மச்சான், கேப்டன் சொல்லுதா."

வாங்கி வந்தபின் பார்த்தால், வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும்போது காற்றே வருவதில்லை, வியர்வை தரையில் குட்டையாக நிற்கிறது, ஃபேன் இல்லாமல் ஆகாது. சரிதான், அவசரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது அறிவுரை: "வார்மப் அவசரம்." கால்களைச் சூடேற்றிக்கொள்வதை அவசரமாக முடிக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்து ரெண்டு மிதி மிதித்துவிட்டு ரெடி என்றேன். முதல் ஏற்றத்திலேயே தொடை கல்லாகிவிட்டது. "வார்மப் சேசாவா?" செய்தாயா என்று பூர்ணா கேட்டாள். "சேசானு, சேசானு, ஃபாஸ்ட்!" என்றேன் பெருமையாக. நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் அவள் அதிகமாகச் சொன்னது வேறொன்று. "அவசரம் லேது." லேது என்றால் இல்லை. நான் ஒரு நாள் யூசுப் வற்புறுத்தியதால் வீட்டுக்குள் ஹெல்மெட் போட்டு ஓட்டினேன். வீடியோவில் பார்த்த பூர்ணா, "ஹெல்மெட் அவசரம் லேது" என்றாள். அவசரம் இல்லையாம், ஆகவே மெதுவாகக் கழற்றினேன். நான் ஸ்பிரிண்ட் எடுக்கட்டுமா என்று கேட்டால், "அவசரம் லேது." தாமதமாக வந்ததற்கு ஸாரி சொன்னால், "ஸாரி அவசரம் லேது."

யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகியது. பிறந்ததிலிருந்து அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கியவளிடம், முகம் சுளிக்காமல், குத்திக்காட்டாமல், அவசரமில்லை அவசரமில்லை என்று தடவிக்கொடுக்கிற மாதிரி சொல்கிறாளே, இவளுக்கு என்னைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். ஒன்றரை வருஷமாக இந்த ஊரில் எனக்கு ஆபீஸ் இருந்தது, வீடு இருந்தது, 'நம்ம ஆளுங்க' என்று சொல்ல யாரும் இல்லை. இப்போது நான்கு பேர் இருந்தார்கள். ராத்திரி படுக்கும்போது நாளைக்கு அவர்களோடு ஓட்டப்போகிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

அப்போதுதான் மியாபூர் டாக்டர் பற்றிய பேச்சு வந்தது. ஒரு பல் டாக்டர், எங்கள் எல்லோரையும்விட வேகமானவர், டீமில் இடம் கேட்டிருக்கிறார். ஐந்து பேருக்கு மேல் சேர்க்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் முடிந்தபின் சீசனுக்கான ஐந்து பெயர்களைக் கொடுக்கவேண்டும். நீலாதான் எனக்கு இதைச் சொன்னார். "பூர்ணா ஒண்ணும் சொல்லல மா, யோசிக்கிறா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? கடைசியாக வந்தவள் நான், முதலில் போகப்போகிறவளும் நான். யூசுப்பிடம் சொன்னேன். அவர் என் தட்டில் இன்னொரு ஆம்லெட் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபேன் ஒரு பக்கம், ஈரத்துண்டோடு யூசுப் மறு பக்கம். இந்த முறை எண் முடிவதற்கு முன்பே மிதிக்க ஆரம்பித்திருந்தேன். ஐந்து பேரும் ஒழுங்காகக் கிளம்பினோம். கடலோரப் பாதையில் முறை வைத்து முன்னால் போனோம், பின்னால் வந்தோம். பூர்ணா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டாள். "நல்லா போவுது, நல்லா போவுது" என்றார் நீலா. எனக்கே என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

நம்பிக்கை வந்ததுதான் தப்பு. மலை தொடங்கும் இடத்தில் முன்னால் போகும் முறை என்னுடையது. மியாபூர் டாக்டர் எங்கேயோ உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. காட்டுகிறேன் பார் என்று எழுந்து நின்று மிதித்தேன். என் பொம்மை சிட்டாகப் பறந்தது. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது, எனக்கு அது கைதட்டலாகக் கேட்டது. யாரோ ஏதோ கத்தினார்கள். ஃபேன் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. திரும்பிப் பார்க்க இது என்ன ரோடா? நான் மலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பூர்ணாவின் குரல் காதைப் பிளந்தது.

"சபீனா! மாக்கு நீ அவசரம் உந்தி!"

மாக்கு என்றால் எங்களுக்கு. நீ என்றால் உன். உந்தி என்றால் இருக்கிறது. வார்த்தை வார்த்தையாக எனக்கு நன்றாகப் புரிந்தது. உன் அவசரம் இருக்கே!

கடையநல்லூர் அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்த வாக்கியம். அதே சத்தம், அதே இழுப்பு. இவ்வளவு நாளும் அவசரம் லேது, அவசரம் லேது என்று தேன் தடவிப் பேசியவள், கடைசியில் எல்லோரும் கேட்க அதையே சொல்லிவிட்டாள். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

"ஆமா, என் அவசரம்தான்!" என்று தமிழில் கத்தினேன். "பொறந்ததுலேருந்து அவசரம்தான்! இஷ்டம் இல்லன்னா அந்த டாக்டரையே வச்சுக்கிடுங்க! நான் போறேன்!"

காலை நிறுத்திவிட்டேன். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவை முறுக்கிக் கழற்றி இறங்கிவிட்டேன். திரையில் என் பொம்மை மலை நடுவில் ஒரு காலை ஊன்றி நின்றது. அதற்கும் ஒன்றும் புரியவில்லை போலிருந்தது. யூசுப் ஈரத்துண்டைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். காதில் ஒரே குழப்பம். பூர்ணா "ஏமைந்தி, ஏமைந்தி?" என்று என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன அனுஷா அழுதுவிடுவாள் போல மூச்சு வாங்கினாள்.

"அரே சபீனா!" என்று நீலா இரைந்தார். "கைக்கு மா, ஏன் எறங்கினே? யாரு உன்னைப் போகச் சொன்னா?"

"அவதான் சொன்னா! என் அவசரம்னு எல்லார் முன்னாலயும் சொன்னாளே, கேக்கலயா?"

நீலாவிடமிருந்து முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் வந்தது. மலையேறுகிறார், மூச்சு வேண்டும். பிறகு சிரிப்பு கிளம்பியது. மூச்சு இல்லாத சிரிப்பு.

"ஐயோ மா... தெலுகுல அவசரம்னா நம்ம அவசரம் இல்ல மா. தேவை. தேவை! பெரிய அனுஷா வீட்ல கரண்ட் போச்சு, அவ அவுட். இப்போ நாலு பேருதான். நாலாவது ஆள் வரலைன்னா டீமே காலி. 'நீ எங்களுக்கு வேணும்'னுதான் மா அவ கத்தினா!"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எங்களுக்கு வேணும். ஃபேன் தேவை. வார்மப் தேவை. ஹெல்மெட் தேவையில்லை. ஸாரி தேவையில்லை. ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தது. அவசரம் இல்லை என்று அவள் என்னைத் தடவிக்கொடுக்கவே இல்லை. அவள் பாட்டுக்கு ஹெல்மெட்டைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அந்தக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. அதே நேரம் கண்ணில் தண்ணீரும் வந்தது, ஏனென்றால் எனக்கு யாரும் அதுவரை அப்படிக் கத்திச் சொன்னதில்லை.

"ஏளா, நிக்காதே! ஏறு!" என்றார் யூசுப். பத்து வருஷத்தில் அவர் என்னை அவசரப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

ஏறினேன். ஷூ மாட்டவில்லை, யூசுப் குனிந்து என் பாதத்தைப் பிடித்துப் பெடலில் அழுத்தினார். பொம்மை காலை எடுத்தது. மற்ற மூன்று பேரும் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள்.

"பூர்ணா, வஸ்துன்னா!" என்று கத்தினேன். வருகிறேன் என்று அர்த்தம்; காய்கறிக் கடையில் சரிபார்த்த வார்த்தை.

"தொந்தர லேது, ரா!" என்றாள் அவள்.

தொந்தரவு இல்லை, வா. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தொந்தர என்றால்தான் தெலுங்கில் அவசரம் என்று பிற்பாடு நீலா சொன்னார். அந்த நேரத்தில் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரியாகத்தான் இருந்தது. மூன்று பேரும் வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் டீமின் நொடி. எனக்காக அதைச் செலவழித்தார்கள்.

மலை உச்சியைத் தாண்டி இறக்கத்தில் அவர்களைப் பிடித்தபோது தொடை இரண்டும் எரிந்தன. சின்ன அனுஷாவின் நிலைமை என்னைவிட மோசம். நான் மலையில் காட்டிய வீரத்தில் அவளுக்குத்தான் அதிக அடி. அவள் பின்தங்கினால் எல்லாம் போச்சு. "அனுஷா, என் பின்னாலயே வா" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு முன்னால் போனேன். போய், அழுத்தவில்லை. ஒரே சீராக மிதித்தேன். கால் முன்னால் பாயப் பார்த்தது, இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் வேகம் என்று கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு சீராகவே போனேன். எனக்கு அதுதான் மலையைவிடக் கஷ்டமாக இருந்தது. பின்னால் அனுஷாவின் மூச்சு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. பூர்ணாவும் நீலாவும் முறை எடுத்தார்கள், நானும் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

கடைசி நேர் ரோடு வந்தது. தூரத்தில் கோடு தெரிந்தது.

"இப்புடு!" என்றாள் பூர்ணா. இப்போது. "சபீனா, தொந்தரகா! தொந்தரகா!"

அதற்கு மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. என்னிடம் இருந்த அவசரம் அத்தனையையும் அவிழ்த்துவிட்டேன். பால் பொங்கிய அவசரம், பரீட்சை அவசரம், தப்பான ஷட்டிலில் ஏறிய அவசரம் எல்லாம் பெடலுக்கு வந்தது. சின்ன அனுஷா என் பின் சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தாள். நான்கு பேரும் ஒரே கொத்தாகக் கோட்டைத் தாண்டினோம். பட்டியலில் நடுவாந்தரமான ஒரு இடம். அதற்கே நான்கு வீடுகளில் கூச்சல். பெரிய அனுஷா கரண்ட் வந்ததும் திரும்ப அழைப்பில் சேர்ந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே அவளும் கத்தினாள்.

நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். யூசுப் ஃபேனை என் முகத்துக்குத் திருப்பினார்.

கொஞ்ச நேரத்தில் காலிங் பெல் அடித்தது. சி பிளாக்கிலிருந்து அதே வியர்வைச் சட்டையோடு, ஹவாய் செருப்போடு பூர்ணா வந்து நின்றாள். நீலா அவளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "ஃபாஸ்ட் வார்மப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தோம். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்தது. நேராகக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை ஏது?

"மியாபூர் டாக்டர்?"

பூர்ணா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். கோபத்தில் பாதி மலையில் இறங்கிப்போனவள் நான்; அதற்கு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்தேன்.

"டாக்டரா?" என்றாள். "அவசரம் லேது."

பழக்க தோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமலே புரிந்திருந்தது. அவள் லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

யூசுப்பிடம் சொல்ல உள்ளே ஓடினேன். ஓடிய வேகத்தில் கதவருகே இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு, ஃபேன் வயர் காலில் மாட்டி, ஃபேன் சாய்ந்து, அவர் அப்போதுதான் மடித்து அடுக்கியிருந்த பேண்ட்டுகள் எல்லாம் ஈரத் தரையில் சரிந்தன.

யூசுப் பேண்ட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உன் அவசரம் இருக்கே!" என்றார்.

"உந்தி மச்சான்" என்றேன். "அவங்களுக்கு என் அவசரம் உந்தி."